கிருமியைக் கொல்லும் பாக்டீரியா கிடைக்கும், புதியது கிடைக்குமா? மண்ணில் ஆன்டிபயாடிக் தேடுவோருக்கான கேள்வி பதில்

மண் பாக்டீரியாவிலிருந்து புதிய ஆன்டிபயாடிக் தேடும் வேலை பற்றி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வக ஊழியர்கள் கேட்ட கேள்விகளும், இத்துறையில் தேர்ந்த ஒருவர் தந்த பதில்களும் இவை.

நித்யா, எம்.எஸ்சி. மாணவி, திருச்சி: மேடம், ஆன்டிபயாடிக் என்றாலே எல்லாரும் ஏன் மண்ணைத் தோண்டப் போகிறார்கள்?

கைமேல் பலன் கண்ட இடம் என்பதால்தான், நித்யா. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கின்றன. அவற்றில் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற இனம் பூஞ்சை போல இழை இழையாக வளரும். உணவு தீர்ந்ததும் தன் பழைய இழைகளையே கரைத்து, அந்தச் சத்தில் மேலே புதிய இழை எழுப்பி, விதை போன்ற ஸ்போர் உண்டாக்கும். கரைந்த சத்தை அக்கம்பக்கத்துப் பாக்டீரியா கொள்ளையடிக்காமல் இருக்கத்தான் அந்த நேரம் பார்த்து ஆன்டிபயாடிக் சுரக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினும் பெரும்பாலும் இதே கூட்டத்தின் சரக்குதான்.

ஊர்களைப் பாருங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிடைத்தது. எரித்ரோமைசின் தந்த பாக்டீரியா பிலிப்பைன்ஸின் இலோய்லோ மண்ணிலிருந்து வந்தது. வான்கோமைசின் போர்னியோ காட்டு மண், ரிஃபாமைசின் தெற்கு பிரான்ஸின் பைன் காட்டு மண், டாப்டோமைசின் துருக்கியின் அராரத் மலை மண். முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்தான ஆரியோமைசின், மிசூரி பல்கலைக்கழகத்தின் சான்போர்ன் வயலில் எடுத்த மண்ணிலிருந்து லெடர்லி ஆய்வகத்தில் கிடைத்தது. அது 1948இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்வுப் பிரிவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

ராஜ்குமார், ஆய்வு மாணவர், கோவை: மண்ணை எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுப்பது?

மேலே கிடக்கும் சருகு, குப்பையை விலக்கிவிட்டு 5 முதல் 15 செ.மீ. ஆழத்தில் எடுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்துச் சுட்ட கரண்டி, புதிய ஜிப் பை, ஓர் இடத்துக்கு 50 கிராம். இது போதும். பையின் மேல் தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, மண்ணின் பி.எச்., அங்கே நின்ற செடி எல்லாவற்றையும் அப்போதே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நல்ல பாக்டீரியா ஒன்று அகப்பட்டு, எந்தப் பை என்று தெரியாமல் போனால் அதே இடத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

மழை நின்ற கையோடு சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். மெலியாய்டோசிஸ் நோய் தரும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை நம் ஊர் ஈர மண்ணிலும் உண்டு. கையுறையும் பூட்ஸும் கட்டாயம்.

சங்கீதா, ஆய்வக உதவியாளர், மதுரை: மேடம், மண்ணைக் கரைத்து நியூட்ரியன்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி போன்ற ஊடகம்) போட்டால் இரண்டே நாளில் பேசில்லஸும் பூஞ்சையும் தட்டு முழுக்கப் பரவிவிடுகின்றன. ஸ்ட்ரெப்டோமைசஸ் கண்ணிலேயே படவில்லை.

நியூட்ரியன்ட் அகாரை விட்டுவிடுங்கள். சத்து மிகுந்த அந்த ஊடகத்தில் வேகமாக வளர்பவைதான் ஜெயிக்கும். ஸ்ட்ரெப்டோமைசஸ் மெதுவாக வளரும் இனம். அதற்குத் தோதான பந்தியை விரித்தால்தான் வந்து உட்காரும்.

முதலில் மண்ணைப் பக்குவப்படுத்துங்கள். நிழலில் காகிதத்தில் பரப்பி 5 முதல் 7 நாள் உலர்த்தினாலே வறட்சி தாங்காத பல பாக்டீரியா செத்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசஸ் ஸ்போர்கள் தாக்குப்பிடிக்கும். பிறகு 10 கிராம் மண்ணுக்கு 1 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, ஈரப்பதத்தோடு 28 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் எண்ணிக்கை நன்றாகவே கூடும். உலர் மண்ணை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுவதும் ஒரு வழி. ஆனால் பேசில்லஸ் ஸ்போரும் அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் மண்ணில் தொல்லையே பேசில்லஸ் என்றால் சூடு உங்களுக்கு உதவாது, உலர்த்தலும் சரியான ஊடகமும்தான் உதவும்.

ஊடகம் ஸ்டார்ச் கேசின் நைட்ரேட் அகார். ஒரு லிட்டருக்கு: ஸ்டார்ச் 10 கிராம், கேசின் 0.3 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 2 கிராம், சோடியம் குளோரைடு 2 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 2 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.05 கிராம், கால்சியம் கார்பனேட் 0.02 கிராம், ஃபெரஸ் சல்பேட் 0.01 கிராம், அகார் 18 கிராம். பி.எச். 7.0 முதல் 7.2 வரை. ஸ்டார்ச்சை நேரே கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். கூழுக்கு மாவு கரைப்பது போலக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு கொதிக்கும் நீரில் கிளறியபடி ஊற்றுங்கள். கேசின் வெறும் நீரில் கரையாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சில சொட்டுகள் விட்டுக் கரைத்துச் சேர்க்கவும்.

ஆட்டோகிளேவிலிருந்து (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 50 டிகிரிக்குக் கீழே வந்ததும், மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் நிஸ்டாடினும் 20 மைக்ரோகிராம் நாலிடிக்சிக் அமிலமும் சேருங்கள். முன்னது பூஞ்சைக்கு, பின்னது கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு. நிஸ்டாடின் தண்ணீரில் கரையாது என்பதால் டி.எம்.எஸ்.ஓ.வில் கரைக்க வேண்டும். வெளிச்சத்தில் கெடும் என்பதால் அன்றன்றைக்குத் தயாரிக்கவும். நாலிடிக்சிக் அமிலத்துக்கு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. சூடு ஆறும் முன் இவற்றைச் சேர்த்தவர்கள்தான் 'மருந்து போட்டும் பூஞ்சை வருகிறது' என்று அதிகம் புலம்புகிறார்கள்.

தட்டுக்கு 25 மி.லி. ஊற்றுங்கள். வழக்கமான 15 மி.லி. தட்டு இரண்டு வாரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும்.

சங்கீதா: நீர்த்தல் எதுவரை செய்வது? எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுவது?

1 கிராம் மண்ணை 9 மி.லி. கிருமி நீக்கிய 0.85 சதவீத உப்பு நீரில் போட்டு 30 நிமிடம் ஷேக்கரில் குலுக்குங்கள். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த 9 மி.லி.யில் என்று பத்துப் பத்து மடங்காக 10⁻⁵ வரை போங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் பிப்பெட் முனையை மாற்ற வேண்டும். 10⁻³, 10⁻⁴, 10⁻⁵ குழாய்களிலிருந்து 0.1 மி.லி. வீதம், ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு. 28 டிகிரியில் குறைந்தது 14 நாள்.

10⁻⁴ தட்டில் 42 காலனி வந்தால், 42ஐ 0.1ஆல் வகுத்து 10⁴ஆல் பெருக்க வேண்டும். கிராமுக்கு 42 லட்சம். எண்ணிக்கையைவிட முக்கியம், காலனிகள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது. 300 காலனி நெருக்கியடிக்கும் தட்டைவிட 30 காலனி தள்ளித் தள்ளி நிற்கும் தட்டுதான் நமக்கு வேண்டும்.

பிரகாஷ், பி.எஸ்சி. மாணவர், சேலம்: தட்டில் எது ஸ்ட்ரெப்டோமைசஸ் என்று பார்த்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். நான்காம் நாள் சின்னதாக, தோல் போலக் கெட்டியாக, அகாருக்குள் வேர்விட்டது போல உட்கார்ந்திருக்கும். ஊசியால் தொட்டால் வழுக்காது, இழுபடாது. அழுத்தினால் அகாரோடு பெயர்ந்து வரும். ஏழாம் நாளுக்கு மேல் சுண்ணாம்புத் தூள் தூவியது போல வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு, சில நேரம் பச்சை கலந்த தூள் மேலே படியும். அதுதான் ஸ்போர். சில காலனியைச் சுற்றி அகாரே பழுப்பாகவோ நீலமாகவோ நிறம் மாறும். லூப்பை விடக் கிருமி நீக்கிய பல்குச்சி எடுக்க வசதி. மூக்கருகே கொண்டுபோய் மண்வாசனை பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், தட்டில் வேறென்ன வளர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அபிராமி, ஆய்வு மாணவி, சிதம்பரம்: கிராஸ் ஸ்ட்ரீக் போதுமா, அகார் பிளக் செய்ய வேண்டுமா மேடம்? மண்ணிலிருந்து தனியாகப் பிரித்த 60 ஐசோலேட்டில் 22இல் ஸோன், அதாவது சுற்றிலும் சோதனைப் பாக்டீரியா வளராத வெற்றிடம், வந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா?

கொஞ்சம் பொறுத்துச் சந்தோஷப்படலாம்.

கிராஸ் ஸ்ட்ரீக்கில் உங்கள் ஐசோலேட்டைத் தட்டின் நடுவில் ஒரு கோடாக இழுத்து 5 முதல் 7 நாள் வளர்த்து, அதற்குச் செங்குத்தாகச் சோதனைப் பாக்டீரியாக்களை இழுத்து 24 மணி நேரம் வைக்கிறோம். ஒரே தட்டில் நான்கைந்து சோதனைப் பாக்டீரியாவைப் பார்த்துவிடலாம். முதல் சல்லடைக்கு இது போதும். அடுத்த கட்டத்துக்கு அகார் பிளக் நல்லது: 7 நாள் வளர்ந்த தட்டிலிருந்து 6 மி.மீ. வட்டமாக வெட்டி, சோதனைப் பாக்டீரியா பூசிய முல்லர் ஹின்டன் அகார் தட்டில் வைத்து, 4 டிகிரி குளிரில் இரண்டு மணி நேரம் ஊற விட்டு, பிறகு 37 டிகிரிக்கு மாற்றுங்கள். குளிரில் பாக்டீரியா வளராது, மருந்து மட்டும் அகாரில் பரவும். ஸோன் தெளிவாக விழும்.

இனி அந்த 22. ஸோன் எல்லாம் ஆன்டிபயாடிக் அல்ல. அமிலம் சுரந்தாலும் ஸோன் விழும். அந்த இடத்து பி.எச்.சைத் தாளால் தொட்டுப் பாருங்கள், திரவத்தில் என்றால் 7க்குச் சரிசெய்து மறுபடி சோதியுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடாக இருக்கலாம். கேட்டலேஸ் என்சைம் சேர்த்தால் ஸோன் மறைந்துவிடும். இரும்பைப் பிடித்துவைக்கும் சிடரோஃபோராக இருக்கலாம். ஊடகத்தில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் ஸோன் சுருங்கும். செல் சுவரைக் கரைக்கும் என்சைமாக இருந்தால் 80 டிகிரியில் அரை மணி வைத்ததும் வேலை போய்விடும். சூட்டில் கெடும் ஆன்டிபயாடிக்கும் உண்டு என்பதால் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே சோதனையையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யவும்.

இன்னொன்று. ஸோனின் மில்லிமீட்டரை வைத்துத் தரவரிசை போடாதீர்கள். கொலிஸ்டின், வான்கோமைசின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அகாரில் ஆமை வேகத்தில்தான் நகரும், ஸோன் சிறிதாகவே விழும். 30 மி.மீ. ஸோன் தந்த ஒன்றை எடுத்து, 11 மி.மீ. தந்ததைக் குப்பையில் போடுவதில் எத்தனை நல்ல சரக்கு போகிறதோ! ஆய்வேடுகளில் ஸோன் அளவை மட்டும் பட்டியலிட்டு 'மிகச் சிறந்த ஐசோலேட்' என்று எழுதும் வழக்கம் மாற வேண்டும்.

ஜெரால்டு, ஆய்வு மாணவர், நாகர்கோவில்: அகாரில் நல்ல ஸோன். அதையே ஃபிளாஸ்கில் வளர்த்தால் திரவத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று முறை செய்துவிட்டேன்.

எல்லாரும் இடறி விழும் படி இது. ஃபிளாஸ்கில் எவ்வளவு திரவம், எந்த ஊடகம், எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

ஜெரால்டு: 250 மி.லி. ஃபிளாஸ்கில் 150 மி.லி., குளுகோஸ் 2 சதவீதம் சேர்த்த ஊடகம், 3 நாள், 120 சுற்று.

மூச்சு முட்டுகிறது, ஜெரால்டு. இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். 250 மி.லி. ஃபிளாஸ்கில் 50 மி.லி.க்கு மேல் வேண்டாம், 180 முதல் 200 சுற்று வையுங்கள். இரண்டாவது, குளுகோஸ். எளிதில் கிடைக்கும் சர்க்கரை இருக்கும்வரை பல ஸ்ட்ரெப்டோமைசஸ் வளர்வதிலேயே மும்முரமாக இருக்கும். ஆன்டிபயாடிக் ஜீன்கள் அடங்கியே கிடக்கும். ஸ்டார்ச், கிளிசரால், சோயா மாவு போன்று மெதுவாகச் செரிப்பதைக் கொடுங்கள். பாஸ்பேட் அதிகமானாலும் உற்பத்தி அடங்கும். மூன்றாவது, நாள். 48 மணி நேரம் வளர்த்த விதைக் கலவையை 10 சதவீதம் ஊற்றி, மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை தினமும் 1 மி.லி. எடுத்துச் சோதியுங்கள். சிலவற்றில் ஆறாம் நாள் உச்சம், எட்டாம் நாள் பூஜ்யம்.

ஃபிளாஸ்கில் ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக வளர்கிறதா என்றும் பாருங்கள். உருண்டையின் உட்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாது. துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் ஒன்றை ஃபிளாஸ்க் அடியில் வளையமாகப் போட்டு ஆட்டோகிளேவ் செய்தால் இழைகள் உடைந்து சீராக வளரும்.

இவ்வளவும் செய்து வரவில்லை என்றால் திரவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அகாரில் சுரக்கிறது என்று தெரிந்துவிட்டதே, அகாரிலேயே செய்யுங்கள். 30 தட்டில் 10 நாள் வளர்த்து, அகாரைப் பொடியாக நறுக்கி, எத்தில் அசிட்டேட்டில் ஓரிரவு ஊறவைத்து வடித்தால் முதல்கட்டச் சோதனைகளுக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும்.

ஜெரால்டு: பிரித்தெடுக்க எப்போதும் எத்தில் அசிட்டேட்தானா?

எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள், அதனால் எல்லாருக்கும் ஒரே வகைச் சரக்கு கிடைக்கிறது. திரவத்துக்குச் சம அளவு எத்தில் அசிட்டேட், மூன்று முறை, 40 டிகிரிக்கு மேல் போகாமல் ரோட்டரி எவாப்பரேட்டரில் வற்றவைப்பது நல்ல தொடக்கம். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் போல நீரில் நன்றாகக் கரையும் மருந்துகள் அதில் ஏறாது, நீரோடு சாக்கடைக்குப் போய்விடும். பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் நீரையும் ஒரு முறை சோதித்துவிட்டுக் கொட்டுங்கள். ஊடகத்திலேயே எக்ஸ்.ஏ.டி.-16 ரெசினை 2 சதவீதம் போட்டு வளர்த்தால் சுரக்கச் சுரக்க அது பிடித்துவைக்கும். பிறகு மெத்தனாலில் கழுவி எடுக்கலாம். இழைகளைத் தூக்கிப் போடாமல் மெத்தனாலில் தனியாக ஊறவையுங்கள். பாக்டீரியா போடாத வெறும் ஊடகத்தையும் இதே போலப் பிரித்தெடுத்துப் பக்கத்தில் வைத்துச் சோதிப்பது கட்டாயம்.

மீனாட்சி, உதவிப் பேராசிரியர், சென்னை: எங்கள் துறையில் ஆண்டுதோறும் மாணவர்கள் ஸோன் தரும் ஐசோலேட்டுகள் எடுக்கிறார்கள். அது புதியதா என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. குறைந்த செலவில் எப்படிப் பார்ப்பது?

இந்த வேலை முட்டி நிற்கும் இடமே இதுதான், மேடம். மண்ணில் எடுத்த ஆக்டினோபாக்டீரியாவில் (ஸ்ட்ரெப்டோமைசஸ் சேர்ந்த பெரிய கூட்டம்) தோராயமாகப் பத்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரிசின் சுரக்கும். நூற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின். டாப்டோமைசினோ கோடியில் ஒன்று என்ற கணக்கு. ஆக நூறு ஐசோலேட்டைப் பார்த்தவர் கையில் இருப்பது ஏறக்குறைய நிச்சயமாக 1940களிலேயே கண்டுபிடித்தது. அதைச் சுத்தப்படுத்தவே ஓராண்டு செலவழித்து, கடைசியில் ஆக்டினோமைசின் என்று தெரியவருவது மாணவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு!

எனவே சுத்தப்படுத்தும் முன், ஸோன் வந்த அந்த வாரமே வடிகட்டுங்கள். மலிவான வழி, எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாக்களை வரிசையாக வைப்பது. சாதாரண ஈ.கோலை செத்து, ஸ்ட்ரெப்டோத்ரிசின் எதிர்ப்பு ஜீன் ஏற்றிய ஈ.கோலை பிழைத்தால் உங்கள் கையில் இருப்பது அதுவேதான். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பாக்டீரியா வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) ஏற்றத் தெரிந்த எந்த ஆய்வகமும் இதைச் செய்யும்.

அடுத்து நிறமும் நிறையும். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறச் சாறு, 443 நானோமீட்டர் பக்கம் ஒளி உறிஞ்சினால் ஆக்டினோமைசினைச் சந்தேகியுங்கள். எல்.சி.-எம்.எஸ். (கலவையைப் பிரித்து மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவி) வசதியுள்ள இடத்துக்கு அனுப்பினால் 1255 என்ற நிறையில் உச்சி நிற்கும். டெட்ராசைக்ளின் என்றால் 445, எரித்ரோமைசின் 734. சாறு முழுவதையும் அனுப்பாமல், கலவையைப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் நிமிடத்துக்கு ஒரு பகுதியாக 96 குழித் தட்டில் பிரித்து, எந்தக் குழியில் பாக்டீரியா செத்தது என்று பார்த்து அந்தக் குழியின் நிறையை மட்டும் கேளுங்கள். செலவும் குறையும், குழப்பமும் குறையும்.

பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16 எஸ் ஆர்.என்.ஏ. வரிசையை மட்டும் நம்பாதீர்கள். 27 எஃப், 1492 ஆர் பிரைமர் கொண்டு 1,500 எழுத்துவரை படித்தால் இனம் தெரியும், மருந்து தெரியாது. ஒரே இனத்தின் இரண்டு ஐசோலேட் வேறு வேறு மருந்து சுரக்கலாம். 'புதிய இனம், ஆகவே புதிய மருந்து' என்பது தவறான முடிவு.

விக்னேஷ், எம்.டெக். மாணவர், சென்னை: 99 சதவீத மண் பாக்டீரியா ஆய்வகத்தில் வளராது என்கிறார்கள். ஐசிப் என்ற கருவியை நாமே செய்ய முடியுமா?

முடியும், தத்துவம் எளிது. மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுவராமல், பாக்டீரியாவை மண்ணுக்குள்ளேயே சிறை வைக்கிறோம். பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவா எப்ஸ்டீன், கிம் லூயிஸ் குழுக்கள் உருவாக்கியது. சின்னச் சின்னத் துளைகள் கொண்ட பலகை, துளைக்குச் சராசரியாக ஒரு செல் விழும்படி நீர்த்த அகார் கலவை, இருபுறமும் 0.03 மைக்ரான் துளையுள்ள பாலிகார்பனேட் சவ்வு. சத்தும் சமிக்ஞைகளும் உள்ளே வரும், பாக்டீரியா வெளியேறாது. இந்த வழியில் மெயின் மாநிலப் புல்வெளி மண்ணிலிருந்து எலெஃப்தேரியா டெர்ரே என்ற பாக்டீரியா கிடைத்தது. அது தந்த டெய்க்சோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக் 2015இல் நேச்சர் இதழில் வந்தது.

துளையிட்ட பலகை இல்லாமலே தொடங்கலாம். வன்பொருள் கடையில் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகு வாஷர் ஒன்று. ஒருபக்கம் சவ்வை சிலிகான் பசையால் ஒட்டி உலரவிட்டு, 40 டிகிரி சூட்டில் இருக்கும் நீர்த்த அகாரோடு மண்கரைசலைக் கலந்து ஊற்றி, மேலேயும் சவ்வை ஒட்டி, ஈர மண் நிரப்பிய டப்பாவுக்குள் புதைத்து இரண்டு முதல் நான்கு வாரம் வைக்க வேண்டும்.

எங்கே தப்பும் என்றால் ஒட்டில்தான். மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளி பாக்டீரியா நுழைந்து வேகமாக வளர்ந்துவிடும். நீங்களும் 'வளராததை வளர்த்துவிட்டேன்' என்று நம்பிவிடுவீர்கள். ஐந்து வாஷர் வைத்தால் ஒன்றில் வெறும் அகார் மட்டும் வையுங்கள். அதில் வளர்ச்சி தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதும் செல்லாது. இன்னொன்று: அசிட்டிக் அமில வாடை வரும் சிலிகான் பசை முழுதாக உலர ஒரு நாள் விடுங்கள். இல்லையேல் அமிலமே பாதியைக் கொன்றுவிடும்.

பொறுமை மட்டுமே கருவியாக இருந்த வழியும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஹாமில்டன் ஊரின் ஒரு வீட்டுக் கொல்லை மண்ணை ஏறக்குறைய ஓராண்டு வளரவிட்டு, மெதுவாக வளர்பவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். அதில் கிடைத்த பேனிபேசில்லஸ் ஒன்று தந்த லாரியோசிடின் 2025இல் வெளியானது. ரைபோசோமில் வழக்கமான மருந்துகள் பிடிக்காத இடத்தைப் பிடிக்கிறது. 14ஆம் நாளில் தட்டைக் கழுவுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சிலவற்றையாவது ஈரமான பெட்டியில் மூன்று மாதம் வைத்துப் பாருங்கள்.

தாரணி, பயோஇன்ஃபர்மாடிக்ஸ், பெங்களூரு: ஜீனோமைப் படித்தாலே மருந்து தெரிந்துவிடாதா?

மருந்து செய்யும் திறன் தெரியும், மருந்து கிடைக்காது. 2002இல் ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலரின் ஜீனோம் வந்தபோது, சில மருந்துகளுக்கே பெயர்போன அந்தப் பாக்டீரியாவில் இருபதுக்கும் மேற்பட்ட ஜீன் தொகுதிகள் இருந்தன. பெரும்பாலானவை ஆய்வகத்தில் தூங்குகின்றன. ஆன்டிஸ்மாஷ் மென்பொருளில் ஜீனோமை ஏற்றினால் தொகுதிகளைப் பட்டியலிடும். 'ஏற்கெனவே தெரிந்ததோடு 100 சதவீதம் ஒப்பு' என்று வருபவற்றை முதலில் தள்ளிவிடலாம். அந்த ஒரு பயனுக்கே ஜீனோம் செலவு தகும்.

தூங்குவதை எழுப்ப: ஒரே பாக்டீரியாவைப் பத்து ஊடகத்தில் வளர்ப்பது, வேறொரு பாக்டீரியாவோடு சேர்த்து வளர்ப்பது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு பெற்ற திரிபுகளைப் பொறுக்குவது. மூன்றாவது வழிக்குச் செலவு மிகக் குறைவு, ஏனோ பலர் முயல்வதில்லை.

அபிராமி: என் சாறு ஸ்டாஃபைலோகாக்கஸைக் கொல்கிறது, ஈ.கோலையைத் தொடவே இல்லை. பயனற்றதா?

இல்லை. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. உள்ளே போனதையும் பம்புகள் வெளியே தள்ளும். அந்தப் பம்புகளுக்குத் தேவையான டால்சி ஜீன் நீக்கிய ஈ.கோலையில் சோதித்துப் பாருங்கள். அதில் செத்தால், உங்கள் மருந்துக்கு உள்ளே இலக்கு இருக்கிறது, தங்க முடியவில்லை என்று பொருள். வேதியியலர்கள் மாற்றியமைக்க இடமுண்டு. டெய்க்சோபாக்டினும் கிராம் நெகட்டிவைத் தொடாது. கூடவே ஆட்டு ரத்தத்தின் சிவப்பணுவைக் கரைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லாச் சவ்வையும் கிழிக்கும் பொருள் மருந்தாகாது, பாதி நம்பிக்கைகள் இந்தச் சோதனையில்தான் முடிகின்றன.

செல்வராணி, பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்: பிளஸ் டூ மாணவர்களை வைத்து இதைச் செய்யலாமா?

செய்யலாம், எல்லையோடு. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோ ஹேண்டல்ஸ்மன் 2012இல் தொடங்கிய பாடமுறை இன்று டைனி எர்த் என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. அங்கும் நோய்க்கிருமிகளைத் தருவதில்லை, அவற்றின் சாதுவான உறவினர்களைத்தான் தருகிறார்கள். நீங்கள் பேசில்லஸ் சப்டிலிஸ் வைத்துக்கொள்ளுங்கள். மண் வைத்த தட்டை டேப் ஒட்டி மூடிய பிறகு மாணவர்கள் திறக்கவே கூடாது. 37 டிகிரியில் வளர்க்காமல் 25 முதல் 28 டிகிரியில் வையுங்கள், மனித உடல் சூட்டை விரும்பும் கிருமிகளுக்கு நாமே இடம் தரக் கூடாது. முடிந்ததும் குக்கர் போதும்: 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம், சமையலுக்குப் பயன்படாத தனிக் குக்கர்.

ரூபன், ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்: எங்கள் மண்ணை இந்தியாவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாமா மேடம்? மருந்து கிடைத்தால் உரிமை யாருக்கு?

கேட்காமல் அனுப்ப வேண்டாம், ரூபன். மண்ணை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். உங்கள் நாட்டிலும் அனுப்புவதற்கான அனுமதியைக் கேட்டுப் பெறுங்கள். 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கையின் சாரம், மண் எந்த நாட்டினுடையதோ அந்த நாட்டுக்குப் பலனில் பங்கு உண்டு என்பது. இந்திய மண்ணில் எடுத்ததை வைத்துக் காப்புரிமைக்குப் போகிறவர்கள் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுக வேண்டும். அதன் தலைமையகம் சென்னையில்தான். யாருடைய மண், யார் எடுத்தது, யாருக்கு என்ன பங்கு என்பதைப் பொருள் கைமாறும் முன்பே எழுத்தில் போட்டுவிடுங்கள். ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் ஷாட்ஸ் தன் வழிகாட்டி செல்மன் வாக்ஸ்மன் மீது 1950இல் வழக்குப் போட்டுத்தான் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தைப் பெற்றார். 1952 நோபல் பரிசு அப்போதும் வாக்ஸ்மனுக்கு மட்டுமே போனது.

மீனாட்சி: இவ்வளவு கண்டுபிடித்தும் மருந்துக்கடைக்கு ஏன் வருவதில்லை?

பணம். புதிய ஆன்டிபயாடிக்கைக் கடைசி ஆயுதமாகப் பூட்டிவைக்க வேண்டும், ஐந்தாறு நாளில் நோயாளியும் குணமாகிவிடுவார். அப்படியானால் விற்பனை எங்கிருந்து வரும்? பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அமெரிக்க அனுமதி பெற்ற அக்கேஜன் நிறுவனம் அடுத்த ஏப்ரலில் திவால் மனு போட்டது. மருந்து கெட்டதால் அல்ல. விற்ற அளவுக்குப் பணம் தராமல், இருப்பதற்காக ஆண்டுச் சந்தா தரும் முறையை பிரிட்டன் கொண்டுவந்திருக்கிறது. நம் அரசுகளும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிரகாஷ்: கடைசியாக ஒன்று. நல்ல ஐசோலேட்டை எப்படிப் பத்திரப்படுத்துவது? எனக்கு நான்காம் தடவை மாற்றி நட்டதும் வேலை போய்விட்டது.

தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும். இந்த இனத்தின் குரோமோசோம் நீள்கோடானது, முனைகளில் பெரிய துண்டுகள் உதிர்ந்துபோகும்; தூள் படியாத மொட்டைக் காலனிகள் வந்தால் அதற்கான அறிகுறி. கிடைத்த முதல் வாரமே, நன்றாகத் தூள் படிந்த தட்டில் 20 சதவீத கிளிசராலை 5 மி.லி. ஊற்றி, பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஸ்போரை எடுத்து, பஞ்சு வழியாக வடிகட்டி, பத்துக் குப்பிகளில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் குப்பியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். இரண்டு குப்பியை வேறொரு ஆய்வகத்தின் ஃப்ரீசரில் கொடுத்துவையுங்கள், மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. உங்கள் பழைய தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் முதல் தட்டைத் தேடி எடுங்கள். காய்ந்திருந்தாலும் ஸ்போர் உயிரோடு இருக்கும்.